மூன்று பேர், மூன்று வேகம்: காரைக்குடிப் பக்கத்து மனநல, போதை மீட்பு மருத்துவமனை ஒன்றைப் பற்றி

இரண்டு ஆண்டுகளுக்குள் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே மனநல மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகச் சென்றார்கள். முதலில் 47 வயதான என் அண்ணன், குடிக்காக. அடுத்து 76 வயதான எங்கள் ஆத்தா, அதாவது அம்மா, தூக்க மாத்திரைக்காகவும் அதற்கு அடியில் பல காலமாகக் கிடந்த மனச்சோர்வுக்காகவும். கடைசியாக அண்ணனின் மகன். அவனுக்கு 16 வயது, உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலமும் விடிய விடியக் கைப்பேசி விளையாட்டும். மூவருக்கும் துணைக்குப் போய், மூன்று விதமான வரிசைகளில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது. அதோடு, எந்த வாசலில் யார் வீட்டு வண்டி நின்றது என்பது பொழுது சாய்வதற்குள் நகரத்தாரின் ஒன்பது கோயிலாருக்கும் தெரிந்துவிடுகிற ஊர் எங்களுடையது. காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தொலைவு என்பது போதும்.

மருத்துவமனை பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் இயங்குகிறது. முகப்பில் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். முதல் கட்டின் முற்றத்தோடு கூடிய வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஆண்கள், இரண்டாம் கட்டில் பெண்கள், அதற்கும் பின்னால் அடுப்படி. நடு முற்றத்திலிருந்து நாள் முழுவதும் வெளிச்சம் விழுவதால், வழக்கமான மருத்துவமனை நடைபாதைகளின் புழுக்கம் இங்கே இல்லை. ஆனால் மயக்கம் தரும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்காக எங்கள் முன்னோர் வீடு கட்டவில்லை. ஒவ்வொரு நிலைப்படியும் அரை அடி உயரம். மழைக்காலத்தில் முற்றத்துச் சாரல் பட்டால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்குகிறது. நாங்கள் முதன்முறை போனபோது இரண்டாம் கட்டின் நிலைப்படிக்கு மட்டும் மரச் சாய்தளம் போட்டிருந்தார்கள். ஆத்தாவை அழைத்துப் போன சமயத்தில் முதல் கட்டுக்கும் போட்டுவிட்டார்கள். கழிப்பறைக்குப் போகும் வழிக்கு இன்னும் இல்லை. உத்திரங்களில் ஊஞ்சல் மாட்டும் கொக்கிகளை அடியோடு அறுத்தெடுத்திருந்ததை ஆத்தாதான் முதலில் கவனித்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணனை அழைத்துப் போகக் காரணமானது பழனிப் பாதயாத்திரை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மாலை போட்டுக்கொண்டு குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்து போகிறவர் அவர். ஆண்டு முழுவதும் குடித்தாலும் புறப்படும் காலையில் நிறுத்திவிடுவார். வீட்டில் எல்லோரும் அதை அவருடைய பக்திக்குச் சான்றாகச் சொல்லிக்கொள்வோம். முந்தைய ஆண்டு, நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள், சிங்கம்புணரி போய்ச் சேர்வதற்குள் வலிப்பு வந்து சாலையோரத்தில் விழுந்தார். நேர்த்தியில் குறை என்றார்கள் சிலர், வெயில் என்றார்கள் சிலர். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் கழித்து விழுந்தார் என்பதுதான். நாள்தோறும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம் என்றும், அதைத் தாண்டி மூன்றாம், நான்காம் நாட்களில் வரும் பிதற்றல் உயிருக்கே ஆபத்து என்றும், ஆகவே வீட்டில் பூட்டி வைத்தோ கோயிலில் கயிறு கட்டியோ ஒரே நாளில் நிறுத்த வைப்பது கூடாது என்றும் அவர் விளக்கினார். குடியை நிறுத்துவதில் ஆபத்து இருக்கிறது என்பதை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம்.

சேர்க்கும்போது நடந்த ஒன்று எனக்கு இந்த இடத்தின்மேல் நம்பிக்கை தந்தது. அண்ணன் வர மறுத்துக்கொண்டிருந்தார். வேறொரு மையத்தில் விசாரித்தபோது, இரவோடு இரவாக வண்டியும் நான்கு ஆட்களும் அனுப்பித் தூக்கி வந்துவிடுவோம், நீங்கள் கதவை மட்டும் திறந்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதே ஏற்பாட்டை இங்கே கேட்டதற்குச் செய்ய மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். தன் விருப்பத்தின்பேரில் வருகிறவரே கையெழுத்திட்டுச் சேர்வதுதான் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பொது வழி என்றும், முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்ப்பதற்குத் தனி விதிகளும் 30 நாள் வரம்பும் இருக்கின்றன என்றும், அண்ணன் அந்த நிலையில் இல்லை என்றும் சொல்லி, ஆலோசகர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இரண்டு முறை வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். மூன்றாம் முறை அண்ணனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த செய்தியைப் படித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, ஒருவரிடம் கையெழுத்துக் கேட்பது சின்ன விஷயமில்லை.

முதல் ஐந்து நாள் மருத்துவம் உயர்தரமானது. ஆத்தா வழக்கம்போல, "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க, தெம்பு வரும்" என்றார். தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து ஊசியைப் போடாமல் குளுக்கோஸ் ஏற்ற மாட்டோம், குடிநோயாளிக்கு முதலில் சர்க்கரை மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம் என்று சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். கல்லீரல் பரிசோதனையைப் பார்த்த பிறகே குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோராசிபாம் மாத்திரையின் அளவை முடிவு செய்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் வந்து, "அண்ணே, கையை நீட்டுங்க, விரலை விரிங்க" என்பார். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் என்று பத்து அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுத் தாளில் குறிப்பார். மதிப்பெண் ஏறினால் மாத்திரை ஏறும், இறங்கினால் இறங்கும். மூன்றாம் இரவு, கையில் எறும்பு ஊர்வதாக அண்ணன் தட்டிக்கொண்டே இருந்தார். விளக்கை அணைக்காமல் ஒரு ஊழியர் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, "எறும்பு இல்லண்ணே, நான் பார்க்கிறேன்ல" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னார். ஐந்தாம் நாள் மாலை அண்ணன் தன் கையாலேயே தேநீர்க் குவளையைப் பிடித்துக் குடித்தார்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லிச் சுவரொட்டிகளில் விளம்பரமாகும் பொடியை அண்ணனின் மனைவி முன்பு வாங்கிக் குழம்பில் கலந்திருந்தார். அதை அவர் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டபோது மருத்துவர் திட்டவில்லை. ஆனால் அந்த வகைப் பொடிகளில் குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் இருந்தால், அது தெரியாமல் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும் என்றும், அந்த மருந்தை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னார். அண்ணன் அதை வேண்டாம் என்று சொல்லி, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோனை ஏற்றுக்கொண்டார். மீதமிருந்த 23 நாள் குழுப் பேச்சு, யோகா, ஞாயிறு மாலை குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் என்று போயிற்று. கூட்டங்கள் நன்றாக நடந்தன; யோகா பேருக்குத்தான். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு போலவே இருந்தது, பணியாரம் உட்பட. ஐந்தாம் மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் மறுபடி குடித்துவிட்டு மறுநாளே தானாகத் திரும்பிப் போனார். அதைத் தோல்வி என்று சொல்லாமல் சறுக்கல் என்று சொல்லி, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஆத்தாவின் கதை வேறு. அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, இறந்த ஆண்டில் தூக்கம் வரவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை, அதே பழைய சீட்டைக் காட்டியும் பிறகு சீட்டே இல்லாமலும், மருந்துக்கடையில் வாங்கிப் பதினொரு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்தார். பகலெல்லாம் வயிற்றெரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, கால் குடைச்சல். இரண்டு முறை எண்டோஸ்கோப்பி செய்தாயிற்று. முதியவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் இப்படி உடல் வலியாகத்தான் பல சமயம் வரும் என்று சொன்ன மருத்துவர், அதை முடிவு செய்வதற்கு முன் தைராய்டு, பி12, சோடியம் அளவுகளைப் பார்க்கச் சொன்னார்.

நினைவாற்றலைச் சோதித்த உளவியலாளரை நான் மறக்க மாட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். "இன்னைக்கு என்ன தேதி, ஆச்சி?" என்று கேட்டார். ஆங்கிலத் தேதி ஆத்தாவுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது; ஆவணி மாதத் தேதியையும் அன்றைய திதியையும் சொன்னார். வேறொருவராக இருந்தால் தவறு என்று குறித்திருப்பார். இந்தப் பெண் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டித் தாளைப் பார்த்துவிட்டு வந்து சரி என்று குறித்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு, ஐந்து முறை போதும் என்று அவர் தடுப்பதற்குள் ஆத்தா 93, 86 என்று தொடங்கிக் கடைசி 2 வரை இறங்கிவிட்டு, "மிச்சம் ரெண்டு இருக்கு, யார் கணக்குல எழுத?" என்று கேட்டார். மறதி நோய் இருக்குமோ என்று ஆறு மாதமாக நாங்கள் பட்ட கவலை அந்த மேசையிலேயே தீர்ந்தது.

மாத்திரையை நிறுத்துவதற்கு ஐந்து மாதத் திட்டம் போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் கால் மாத்திரை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "அவனுக்கு அஞ்சு நாள்ல நிறுத்துனீகளே, எனக்கு மட்டும் ஏன் அஞ்சு மாசம்?" என்று கேட்டேவிட்டார். மருத்துவரின் பதிலை அப்படியே தருகிறேன்: "ஆச்சி, உங்க மகனோட குடியை நிறுத்துறதுக்குக் கொடுத்ததே நீங்க சாப்பிடுற மாத்திரையோட பங்காளிதான். அவருக்கு அது அஞ்சு நாள் விருந்தாளி. உங்க உடம்புல பதினொரு வருஷமாக் குடியிருக்கு. குடியிருக்கிறவங்களை ஒரே நாள்ல காலி பண்ணச் சொல்ல முடியுமா?" ஆத்தா சிரித்தார். நான் சிரிக்கவில்லை; ஒரே வகை மருந்து ஒரு வயதுக்குச் சிகிச்சையாகவும் இன்னொரு வயதுக்கு நோயாகவும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்ததை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

மூன்றாமவனைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டோம் என்றார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர்களோடு ஒரே பிரிவில் வைக்கக் கூடாது, பாதுகாவலர் கூடவே தங்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான தனிப் பிரிவு எங்களிடம் இல்லை, இவனுக்கு அது தேவையும் இல்லை என்றார்கள். கட்டில் நிரம்பினால்தான் வருமானம் என்ற தொழிலில் இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. புறநோயாளியாக எட்டு முறை வரச் சொன்னார்கள். முதல் நாள் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனோடு தனியாகப் பேசிய அதே உளவியலாளர், பிறகு என்னை அழைத்து, எதையெல்லாம் என்னிடம் சொல்லலாம் என்று அவனையே கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

பையனுடைய கைப்பேசியை அவன் தாயார் பீரோவில் வைத்துப் பூட்டியதும், அவன் பீரோவை உடைத்ததும் அதற்கு முன்பே நடந்திருந்தன. உளவியலாளர் கைப்பேசியைப் பிடுங்கச் சொல்லவில்லை. விளையாட்டு எந்த நேரத்தில் தொடங்கியது, எப்போதிருந்து என்று கேட்டுக்கொண்டே போனார். பன்னிரண்டு வயதிலிருந்து, அவனுடைய அப்பச்சி, அதாவது என் அண்ணன், குடித்துவிட்டு வரும்போது கதவைத் திறந்துவிட ஆள் வேண்டும் என்பதற்காக அவன்தான் முழித்திருந்திருக்கிறான். ஆயா, அதாவது எங்கள் ஆத்தா, தூங்கிவிடுவார், தாயாருக்குப் பயம். முழித்திருப்பதற்கு ஒரு விளையாட்டு, வாய்க்கு ஒரு கூல் லிப் புகையிலைப் பொட்டலம். அப்பச்சி குடியை நிறுத்திய பிறகும் இரவு இரண்டு மணிவரை அவனுக்குத் தூக்கம் வரவில்லை. புகையிலை கலந்த குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. அவனுடைய பொட்டலம் பள்ளிக்கு எதிர்த்த பெட்டிக்கடையிலிருந்து வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இப்போது ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறதே, அதுதானா என்று நான் கேட்டதற்கு, அந்தப் பெயரை இப்போதே இவன்மேல் எழுத வேண்டாம் என்றார் உளவியலாளர். இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி பட்டாலையில் (கூடத்தில்) சார்ஜ் ஏற வேண்டும். கதவைத் திறப்பது இனி அண்ணனின் மனைவியின் பொறுப்பு. புகையிலையை நிறுத்தும் நாளை அவனே குறிக்க வேண்டும். மருந்து ஏதும் கொடுக்கவில்லை. அவன் குறித்த நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டான், மூன்றாம் முறை நிறுத்தினான். முதல் வாரம் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தான். அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டோம்.

இனிக் குறைகள். சிறுவர்களைப் பார்க்கும் நேரம் வேலைநாள் காலை 10.30 என்பதால் எட்டு முறையும் பள்ளிக்கு விடுப்பு. அதைவிடக் கொடுமை, முகப்பில் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் வரிசையில்தான் அவனும் காத்திருக்க வேண்டும். அங்கே அவனுடைய நண்பனின் தகப்பனாரை ஒருநாள் நேருக்கு நேர் பார்த்து, இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெயரையும் ஊரையும் சேர்த்து உரக்கக் கூப்பிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. டோக்கன் எண் போட எத்தனை செலவாகும்? புகார்ப் புத்தகத்தில் இரண்டு முறை எழுதினேன், மாறவில்லை.

இரவில் அவசரத்துக்கு அழைக்கத் தந்த எண் வேலை செய்வதாகச் சொல்ல முடியாது. அண்ணன் வீடு திரும்பிய மூன்றாம் வாரம், இரவு பதினொன்றரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் வளவுக்கும் நடந்துகொண்டிருந்தபோது நான்கு முறை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. பிறகு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைத்தோம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல ஆலோசனைச் சேவை, கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசுகிறார்கள். எதிர்முனையில் இருந்தவர் அண்ணனோடு நாற்பது நிமிடம் பேசினார். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

28 நாளைக்கு அண்ணனுக்கு ஆன செலவு 62,000 ரூபாய். மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகின்றன. ஆனாலும் குடி, போதைக்கான சிகிச்சை விலக்கு என்ற வரியைக் காட்டி எங்கள் காப்பீட்டு நிறுவனம் தர மறுத்துவிட்டது. மருத்துவமனையின் கணக்குப் பிரிவு இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதே நல்லது. எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கேதான் குணமடைந்தார்.

கடைசிக் குறையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆத்தாவுக்கு மனச்சோர்வுக்காக எஸ்சிடலோபிராம் 5 மில்லிகிராம் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், அவர் என்னை எங்கள் அப்பச்சியின் தங்கை பெயரால் அழைத்தார். சோடியம் 124க்கு இறங்கியிருந்தது. 135க்குக் குறையக் கூடாது. முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரை அப்படிச் செய்யக்கூடும் என்று சொல்லி இரண்டு வாரத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் ரத்த அழுத்தத்துக்காக ஆத்தா சாப்பிட்ட, சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்த மாத்திரையும் சோடியத்தை இறக்கும் என்பதும், அதை அவர் சாப்பிடுகிறார் என்பதும் அவர்களுடைய தாளில் இல்லை. அவர்கள் கேட்டது, மனநலத்துக்கு வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று. நாங்களும் இல்லை என்று சொல்லிவிட்டோம். ஆறு நாள் உள்நோயாளியாக இருந்து, மாத்திரையை மாற்றி, சரியாகித் திரும்பினார். அந்தச் செலவைக் காப்பீடு தந்தது.

போகிறவர்கள் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், பிரஷர், சர்க்கரை, கால்வலி, பக்கத்து வீட்டார் கொடுத்தது என்று எதையும் விடாமல், ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டிவிடுங்கள். ஆத்தாவின் மஞ்சப்பையில் இரண்டாம் முறை எண்ணியபோது ஒன்பது அட்டைகள் இருந்தன, இப்போது நான்கு. மதுரையிலிருந்து மருத்துவர் வருவது வாரத்தில் மூன்று நாள்தான், எந்தெந்த நாள் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் முந்தைய நாள் மாலை அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் பெயர் கொடுத்தால் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடலாம்.